48 மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? செட்டிநாட்டுச் சிறு தொழில்களுக்கு ஒரு வேலை நேர ஒப்பீடு

ஆடி பிறந்ததும் காரைக்குடிப் பக்கத்துச் சிறு தொழில்களில் தீபாவளிக் கணக்கு தொடங்கிவிடும். பலகாரப் பட்டறைக்கு ஆர்டர் வரத் தொடங்கும், ஜவுளிக்கடைக்குச் சரக்கு இறங்கும், பழைய வீட்டை விடுதியாக மாற்றியவர்களுக்கு முன்பதிவு குவியும். அந்த நேரத்தில், சம்பளப் பதிவேடு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட என்னிடம் முதலாளிகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இருக்கிற ஆட்களின் வேலை நேரத்தை எப்படி மாற்றி அமைத்தால் வேலையும் முடியும், சட்டத்துக்கும் பொருந்தும்? இந்த ஆண்டு அதே கேள்வியைப் பட்டறையில் முறுக்குச் சுற்றும் பெண்கள் சிலரும் வேறு சொற்களில் கேட்டார்கள்: "நாலு நாள் மட்டும் வந்தால் போதும், ஆனால் பன்னிரண்டு மணி நேரம் இருக்கணும் என்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?" இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

## முதலில் எந்தச் சட்டம், எந்த அளவு

ஒரே தெருவில் இருக்கும் மூன்று தொழில்களுக்கு மூன்று சட்டங்கள் பொருந்தக்கூடும். கடைக்கும் வணிக அலுவலகத்துக்கும் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். உணவகத்துக்கு 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம். பொருள் உற்பத்தி செய்யும் பட்டறைக்கு நீண்ட காலமாக 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இருந்தது. மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், பயன்படுத்தாவிட்டால் 20 பேர் என்பது அதன் வரம்பு. பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் அந்த வரம்பு 20 பேர், 40 பேர் என உயர்ந்துவிட்டது. ஆனால் இதைக் கேட்டதும், 16 பேர் வேலை செய்யும் தம் பட்டறை தப்பித்துவிட்டது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு நாளுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பை அதே தொகுப்புச் சட்டம் வைத்திருக்கிறது. கூடுதல் நேரத்துக்குத் தொழிலாளியின் சம்மதமும் இரட்டிப்பு ஊதியமும் வேண்டும் என்கிறது.

கடைகள் சட்டத்தின் அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவற்றையும் எளிதில் எடைபோடலாம். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. வேலை, ஓய்வு, இடைவெளி எல்லாம் சேர்ந்து காலையில் வந்ததிலிருந்து இரவு போகும்வரை 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை.

இவற்றில் 48 என்ற எண் சும்மா வந்ததல்ல. 1922இல் இந்தியத் தொழிற்சாலைகளுக்கு வாரம் 60 மணி என்று சட்டம் வந்தது. 1934இல் ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளுக்கு அது 54 ஆனது. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்து முயற்சிகளின் தொடர்ச்சியாக 1946இல் 48 ஆனது. 12 மணி நேரத்தைக் குறைக்க 24 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதற்கு நடுவே, 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

## எவற்றை வைத்து ஒப்பிடுகிறேன்

சட்டத்துக்குள் அடங்குகிறதா என்பது முதல் கேள்வி. அடங்காத ஏற்பாட்டின் மற்ற நன்மைகளைப் பேசிப் பயனில்லை. அடுத்தது, ஒரு மணி நேர வேலைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது. மூன்றாவது, நாளின் கடைசி மணியில் கையும் கண்ணும் எப்படி இருக்கின்றன என்பது. நான்காவதாக நான் வைப்பதை முதலாளிகள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை: வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை தொழிலாளிக்கு எத்தனை மணி நேரம் போகிறது? கோட்டையூரிலிருந்தோ புதுவயலிலிருந்தோ நகரப் பேருந்தில் வரும் ஒரு பெண்ணுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆனால் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

கணக்குக்காக எட்டு மணி நேரக் கூலியை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் மணிக்கு 75 ரூபாய், ஓவர்டைம் மணிக்கு 150 ரூபாய்.

| ஏற்பாடு | சட்ட நிலை | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| 8 மணி, 6 நாள் | சிக்கல் இல்லை | சீசனில் ஆள் போதாது | ஆண்டு முழுவதும் சீராக வேலை உள்ள இடம் |
| 8 மணி, சீசனில் ஓவர்டைம் | வரம்புக்குள் சரி | மணிக்கு இரட்டிப்பு, களைப்பு | இரண்டு மூன்று வாரச் சீசன் |
| 8 மணி, சீசனுக்குக் கூடுதல் ஆள் | சிக்கல் இல்லை | பழக்கும் காலம், சேதாரம் | முன்கூட்டியே தெரிந்த சீசன் |
| 12 மணி, 4 நாள் | ஆளும் முதலாளியும் மட்டும் பேசி முடிவு செய்ய முடியாது | கடைசி மணிகள், வீடு | மிக அரிது |
| காலை, மாலை எனப் பிரித்த நேரம் | 12 மணி வரம்பு மீறப்படும் ஆபத்து | நடுவே வீணாகும் நேரம் | பக்கத்துத் தெருவில் வீடு உள்ளவர்கள் |
| துண்டுக் கூலி (எண்ணிக்கைக்குக் கூலி) | நேர வரம்பு இதற்கும் உண்டு | யாரும் நேரம் குறிப்பதில்லை | நெசவு, டைல்ஸ் |

## எட்டு மணி, ஆறு நாள்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. கணக்கு எழுதுவதும் ஆய்வுக்கு வருபவரிடம் காட்டுவதும் எளிது. சாப்பாட்டு இடைவேளையை மட்டும் நான்கு மணி நேரத்துக்குள் வருமாறு வையுங்கள். 9 மணிக்குத் தொடங்கிவிட்டு 2 மணிக்குச் சாப்பிட அனுப்பும் கடைகள் அந்த ஒன்றிலேயே தவறுகின்றன.

2019இல் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு அனுமதி தந்ததை ஆட்களின் நேரத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கடை திறந்திருக்கும் நேரம் வேறு, ஓர் ஆள் அங்கே வேலை செய்யும் நேரம் வேறு. கடை நள்ளிரவு வரை திறந்திருந்தால் இன்னொரு அணி வர வேண்டும் என்றுதான் பொருள்.

## ஓவர்டைமா, கூடுதல் ஆளா?

இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏனென்றால் முதலாளி உண்மையில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

16 பேர் வேலை செய்யும் ஒரு பலகாரப் பட்டறைக்குத் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் வாரத்துக்கு 96 மணி நேரம் கூடுதலாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் வாரத்துக்கு 6 மணி, 16 பேருக்கு 96 மணி. மொத்தம் ஆளுக்கு 54 மணி. கடைகள் சட்டத்தின் அளவுகோலில் அதுவே எல்லை. செலவு வாரத்துக்கு 14,400 ரூபாய், மூன்று வாரத்துக்கு 43,200 ரூபாய்.

அதே 96 மணி நேரத்துக்கு இரண்டு புதிய ஆட்களை எடுத்தால் வாரத்துக்கு 7,200 ரூபாய், மூன்று வாரத்துக்கு 21,600 ரூபாய், நேர் பாதி. ஆனால் புதிய கை முதல் வாரத்தில் பழைய கையின் அளவுக்கு வேலை செய்யாது. பாதி வேலைதான் நடக்கும் என்று கொண்டால், குறையும் 48 மணி நேரத்தைப் பழைய ஆட்களே ஓவர்டைமில் ஈடுகட்ட வேண்டும். அதற்கு 7,200 ரூபாய். ஆக 28,800 ரூபாய். அப்போதும் 14,400 ரூபாய் மிச்சம். உடைந்த முறுக்கு, கருகிய எண்ணெய் என்று சேதாரம் சேர்ந்தாலும் இந்த மிச்சம் முழுவதும் கரைந்துவிடாது என்பது நான் பார்த்த கணக்குகளில் தெரிந்தது.

இரட்டிப்பு ஊதியம் என்ற விதியை முதலாளிக்கு விதித்த அபராதமாகப் பலர் நினைக்கிறார்கள். மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் அதன் நோக்கம் தெளிவாகும். பழைய ஆளைக் கசக்குவதைவிடப் புதிய ஆளுக்கு வேலை தருவது மலிவாக இருக்கும்படி அந்த விதி செய்கிறது.

ஆனால் கை பழகுவது என்பது எல்லா வேலைக்கும் ஒன்றல்ல. கைமுறுக்குச் சுற்றும் ஓர் ஆச்சியின் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே வர, அது வட்டம் வட்டமாகத் துணியில் படியும். காலை பத்து மணிக்கு அவர் சுற்றிய முறுக்கில் ஒவ்வொரு திருகலும் நெருக்கமாக, ஒரே அளவில் இருந்தது. மாலை ஏழு மணிக்கு அதே கை சுற்றியதில் திருகல் தளர்ந்து, மாவு இரண்டு இடங்களில் அறுந்து ஒட்டப்பட்டிருந்தது. அவர் விரலை மடக்கி நீட்டிவிட்டு மறுபடி சுற்றினார். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பவருக்கு அந்த நேரத்தில் ஏற்படும் தளர்ச்சி இன்னும் ஆபத்தானது. ஆகவே சுற்றும் வேலைக்குப் புதிய ஆளை எடுக்க முடியாவிட்டால், மாவு சலிப்பது, பொட்டலம் கட்டுவது, பெட்டி அடுக்குவது போன்ற வேலைகளுக்கு எடுத்து, பழகிய கைகளை அவற்றிலிருந்து விடுவியுங்கள். ஓவர்டைம் தேவைப்படும் மணிகள் அதிலேயே கணிசமாகக் குறையும்.

ஓவர்டைம் சிறந்தது எப்போது? ஆர்டர் திடீரென்று வந்து பத்து நாளில் முடிய வேண்டியிருந்தால். தொழிலாளிக்கே அந்த மாதம் பணம் தேவைப்பட்டு அவர் விருப்பத்தோடு ஒப்புக்கொண்டால். மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக ஓவர்டைமை வரவேற்றவர்களையும் நான் அறிவேன். அவர்களுக்கு இரட்டிப்பு என்பது பெரிய தொகை. அதை ஒற்றைக் கூலியில் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்குத் தீபாவளிச் சேலையும் இனிப்புப் பெட்டியும் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பது சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு.

## பன்னிரண்டு மணி, நான்கு நாள்

பன்னிரண்டை நான்கால் பெருக்கினால் 48 வருகிறது என்பதால் இந்த ஏற்பாடு சட்டத்துக்குள் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வார வரம்பும் நாள் வரம்பும் தனித்தனி. ஒன்றுக்குள் அடங்கிவிட்டதால் மற்றதை மீறலாம் என்று ஆகாது.

தமிழ்நாட்டில் இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேரத்தில் நெகிழ்வுக்கு வழி செய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன; தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகம் இத்தகைய திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஆகவே பெங்களூரில் இருக்கும் உறவினர் தம் நிறுவனத்தில் நடப்பதைச் சொன்னால், அதைக் காரைக்குடிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. புதிய தொகுப்புச் சட்டத்தின் கீழ் மாநில விதிகள் என்ன இடம் தருகின்றன என்பதை எழுத்தில் பார்க்காமல் இந்த ஏற்பாட்டைத் தொடங்க வேண்டாம்.

இதற்கு ஆதரவான வாதங்களை ஒதுக்கிவிடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பேருந்துப் பயணம் மிச்சம். அடுப்பைப் பற்றவைத்து எண்ணெயைக் காயவைக்கும் செலவு ஆறுக்குப் பதில் நான்கு முறைதான். மூன்று நாள் விடுமுறை என்பது வயலோ மாடோ வைத்திருப்பவருக்குப் பெரிய உதவி.

ஆனால் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். வேலை 12 மணி, சாப்பாடும் ஓய்வும் ஒன்றரை மணி, போக வரப் பேருந்து ஒன்றரை மணி; ஆக 15 மணி. மிஞ்சும் ஒன்பது மணிக்குள் அந்தப் பெண் சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், தூங்கவும் வேண்டும். மூன்று நாள் விடுமுறையில் அந்தத் தூக்கத்தைத் திருப்பி வாங்க முடியாது. இன்னொன்று: காய்ச்சலால் ஒரு நாள் வரவில்லை என்றால், ஆறு நாள் முறையில் 600 ரூபாய் போகும், இந்த முறையில் 900 ரூபாய், வாரக் கூலியில் கால் பங்கு, போகும். ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்ட பெண்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான்.

## காலையும் மாலையும்

உணவகங்களிலும் கானாடுகாத்தான் பக்கத்து மரபு விடுதிகளிலும் இதுவே நடைமுறை. காலை 6 முதல் 10 வரை ஒரு வேலை, மாலை 5 முதல் 9 வரை இன்னொரு வேலை. கூட்டினால் 8 மணிதான் என்று முதலாளி சொல்வார். ஆனால் காலை 6 மணியிலிருந்து இரவு 9 மணி வரை 15 மணி நேரம் அந்த ஆளின் நாள் உங்களிடம் கட்டுண்டிருக்கிறது. பழைய தொழிற்சாலைகள் சட்டம் இந்த மொத்த நீளத்துக்குப் பத்தரை மணி என்றும், கடைகள் சட்டம் 12 மணி என்றும் வரம்பு வைத்ததன் காரணம் இதுதான். எந்த அளவுகோலிலும் 15 மணி அடங்காது. சட்டத்தின் மிகக் குறைவாக அறியப்பட்ட, மிக அதிகமாக மீறப்படும் பகுதி இது என்று நான் கருதுகிறேன்.

இடையில் உள்ள ஏழு மணி நேரம் ஓய்வு என்று பெயர். வெளியூரிலிருந்து வருபவருக்கு அது ஓய்வல்ல. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் நான்கு பேருந்து. போகாவிட்டால் விடுதியின் பின்கட்டில் சாக்கை விரித்துப் படுக்க வேண்டும். படுத்தால் யாராவது எழுப்பி ஒரு சிறு வேலை சொல்வார்கள். அந்தச் சிறு வேலை பதிவேட்டில் ஏறாது.

விடுதியிலேயே தங்கி வேலை செய்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. செட்டிநாட்டில் இதற்கு ஒரு நீண்ட பழக்கம் உண்டு. கொண்டு விற்கப் போனவர்களின், அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தாரின் காலத்தில், பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடந்த கட்டடமான கிட்டங்கியிலேயே ஆட்கள் உண்டு உறங்கி வேலை செய்தார்கள். அங்கே தொழிலைப் பொறுப்பேற்று நடத்திய மேலாளுக்குச் சம்பளம் பேசியது மூன்று ஆண்டுக் கணக்குக்கு. நாளுக்கு எத்தனை மணி என்று யாரும் கேட்டதில்லை. கணக்கு முடிந்து திரும்பி வந்து சொந்தத் தொழில் தொடங்கலாம் என்ற எதிர்பார்ப்பு அந்த உழைப்பைத் தாங்கியது. இன்று விடுதியில் பாத்திரம் கழுவுபவருக்கு அத்தகைய எதிர்காலம் எதுவும் வாக்களிக்கப்படவில்லை. ஆனால் தங்க இடம் கொடுத்தோமே என்பதால் நேரம் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் மட்டும் தொடர்கிறது.

பிரித்த நேரம் நல்ல ஏற்பாடாக அமையும் இடமும் உண்டு. வீடு நடந்து போகும் தூரத்தில் இருந்து, நேரம் காலை 7 முதல் 11, மாலை 3 முதல் 7 என 12 மணிக்குள் அடங்கினால், வயதான மாமியாரையோ கைக்குழந்தையையோ பார்த்துக்கொள்ள அந்த நண்பகல் இடைவெளி உதவும். மற்றவர்களுக்குக் காலை அணி, மாலை அணி என்று இரண்டு அணிகளை அமைப்பதே சரி. மாலை அணியில் பெண்கள் இருந்தால் 7 மணிக்குப் பின் அவர்களின் சம்மதமும், பாதுகாப்பாக வீடு சேரும் ஏற்பாடும் வேண்டும்.

## துண்டுக் கூலி

ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றி டைல்ஸ் செய்பவர்களுக்கும், கண்டாங்கிச் சேலை நெய்பவர்களுக்கும் எண்ணிக்கைக்குக் கூலி என்பது இயல்பான முறை. டைல்ஸ் வேலையின் வேகத்தை நீரில் ஊறுவதும் வெயிலில் காய்வதும் தீர்மானிப்பதால், ஐப்பசி மழையில் ஆளை நேரத்துக்கு உட்கார வைத்துப் பயனில்லை. அந்த அளவில் இது நியாயமானதே. ஆனால் துண்டுக் கூலி பெறுபவருக்கு நேர வரம்பு கிடையாது என்பது தவறான நம்பிக்கை. பழைய தொழிற்சாலைகள் சட்டமே, அவருடைய சராசரிச் சம்பாத்தியத்தை நேரக் கூலியாக மாற்றிக்கொண்டு அதன்மேல் ஓவர்டைமைக் கணக்கிடச் சொன்னது.

## பதிவேடு

எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தாலும் அது பதிவேட்டில் உண்மையாக இருக்க வேண்டும். ஒரு கடையின் வருகைப் பதிவேட்டை ஒருமுறை என் முன் விரித்தார்கள். ஒன்பது பேரும் மாதம் முழுவதும் 9.00 மணிக்கு வந்து 6.00 மணிக்குப் போயிருந்தார்கள். ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே உட்காரலில் எழுதியது. அந்தக் கடையின் விளக்கு இரவு பத்து மணிக்கு எரிவதை ஊரே பார்த்திருக்கிறது. அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட நான் மறுத்தேன். என் தந்தையும் அப்படி ஒரு ஜவுளிக்கடையில் நின்றவர். இரவு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து கால்களை வெந்நீரில் வைப்பார். கடையில் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021இல்தான் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒவ்வொருவரும் தம் கையால் எழுதட்டும். தொழிலாளிகள் தங்களுக்கென ஒரு சிறு நோட்டில் அதையே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்டைம் பாக்கியைக் கேட்கும் நாளில் உங்கள் சொல்லுக்கு அந்த நோட்டுத் துணை நிற்கும். எந்தச் சட்டம் பொருந்தும் என்பதில் ஐயம் இருந்தால், கடைக்கும் உணவகத்துக்கும் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்கலாம். தொழிற்சாலை வரம்புக்குள் வரும் பட்டறைக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்தில் கேட்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன பெண்கள் வேலை செய்யும், 16 பேர் கொண்ட பட்டறையின் முதலாளி கடைசியில் 12 மணி நேர யோசனையைக் கைவிட்டார். ஆவணியிலேயே இரண்டு பெண்களை எடுத்து, முதலில் பொட்டலம் கட்டவும் பிறகு ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றவும் வைக்கப்போகிறார். ஐப்பசி வரும்போது அவர்களுக்குக் கை பழகியிருக்கும்; ஓவர்டைம் கடைசி ஒரு வாரத்துக்கு, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், மணிக்கு 150 ரூபாய் வீதம்.